தாத்தாவின் கடிகாரத்தைக் கொடுத்து நகலை வாங்கலாமா?

பர்மாவின் மோல்மேன் நகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கப்பலில் வேலை பார்த்து 1979இல் ஊர் திரும்பிய அவருடைய தாத்தா, ஒரு சீக்கோ 5 கைக்கடிகாரத்தையும் அதற்கும் முந்திய பிலிப்ஸ் வால்வு ரேடியோ ஒன்றையும் விட்டுச் சென்றிருக்கிறார். கடிகாரம் கையில் கட்டினால் ஓடுகிறது, அலமாரியில் வைத்தால் நின்றுவிடுகிறது. ரேடியோ இருபது ஆண்டுகளாகப் பேசவில்லை. கடிகாரத்தைக் கொடுத்து மேலே கொஞ்சம் பணமும் போட்டால் ரோலக்ஸ் ‘மாஸ்டர் காப்பி’ தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறாராம். ரேடியோவைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு, பழைய ஆங்கில ஸ்பீக்கரின் நகல் ஒரு ஜோடி வாங்கும் எண்ணமும் அவருக்கு இருக்கிறது. “நகல் என்றாலே மோசமா ஐயா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

தம்பி, கடிகாரத்தைக் கொடுக்காதீர்கள். தாத்தாவின் நினைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வெறும் பொருளாகப் பார்த்தாலும் அந்த மாற்றில் நஷ்டம் உங்களுக்குத்தான். உங்கள் கையில் இருப்பது திறந்து, கழுவி, எண்ணெய் போட்டு இன்னும் நாற்பது ஆண்டுகள் ஓட்டக்கூடிய இயந்திரம். அவர் தருவது, பழுதானால் எந்த மெக்கானிக்கும் தொடத் தயங்கும் பொருள். ரங்கூனில் முப்பது ஆண்டுகளாக மாலை நேரங்களில் இந்த இரண்டு வகையையும் மேசைமேல் திறந்து வைத்துப் பார்த்து வருகிறேன். இது எனக்குத் தொழில் அல்ல, ஆசை. ஆனாலும் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலையைவிட இதைத்தான் கவனமாகச் செய்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பின்மூடி தெளிவாகத் தெரிகிறது. 6309 என்று தொடங்குவது உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். 1976 முதல் 1988 வரை சீக்கோ அதைச் செய்தது. அருகில் இருக்கும் வரிசை எண் 78 என்று ஆரம்பிக்கிறது. அதில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஆகவே அது ஏழாம் ஆண்டின் ஆகஸ்ட். 1977ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். தாத்தா 1979இலேயே கரையேறிவிட்டார் என்பதால் 1977 ஆகஸ்ட் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். குடும்பக் கதையும் பின்மூடி எண்ணும் இப்படி ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

சீக்கோ 5 என்ற வரிசை 1963இல் வந்தது. தானாகச் சாவி ஏறுவது, கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரிவது, ஓரளவு தண்ணீர் தாங்குவது, சாவித் திருகு நான்கு மணிப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருப்பது, உறுதியான கூடும் பட்டையும். இந்த ஐந்துக்காகத்தான் அந்த ஐந்து. உழைக்கிற மனிதனுக்காக யோசித்துச் செய்த கடிகாரம் அது. திருகு பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்தால் மூட்டை தூக்கும்போது குத்தும், கயிற்றில் மாட்டும். அதை நான்கு மணிக்கு இறக்கியதில் எவ்வளவு பரிவு இருக்கிறது என்று பாருங்கள்.

1962இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு பர்மாவுக்குள் வெளிநாட்டுப் பொருள் என்பது குதிரைக்கொம்பு. தாய்லாந்து எல்லை வழியாக மறைவாக வந்தது, இல்லாவிட்டால் கப்பல்காரர்களின் பெட்டியில் வந்தது. அப்படி வந்த கைக்கடிகாரம் ஒரு வீட்டுக்கு நகைபோல. 1985 நவம்பரில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளும் ஒரே அறிவிப்பில் காகிதமாயின. நோட்டை நம்பியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தங்கமும் கடிகாரமும் வைத்திருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். உங்கள் வீட்டில் அந்த இரண்டு முறையும் இந்தக் கடிகாரத்தை விற்காமல் வைத்திருந்திருக்கிறார்கள் என்றால், அதை விட்டுவிடக் கூடாது என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

அலமாரியில் வைத்தால் நிற்கிறது என்கிறீர்கள். இது நோயாகவே இல்லாமலும் இருக்கலாம். 6309 இயந்திரத்துக்குத் திருகைச் சுற்றிச் சாவி கொடுக்க முடியாது. கை ஆடும்போது உள்ளே அரைவட்ட எடை ஒன்று சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. எந்தப் பக்கம் சுழன்றாலும் முறுக்கு ஏறும்படி இரு நகம் கொண்ட சிறிய நெம்புகோல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ‘மேஜிக் லீவர்’ என்று பெயர். எளிமையிலேயே அழகானது. ஆகவே ஒரு சோதனை செய்யுங்கள். காலையில் கட்டி, நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் கழற்றி, டயல் மேலே பார்க்கும்படி வையுங்கள். மறுநாள் மாலை வரை ஓடினால் சுருள்வில் நன்றாக இருக்கிறது. நள்ளிரவிலேயே நின்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது எடைச் சக்கரத்திலிருந்து முறுக்கு சரியாக ஏறவில்லை. இரண்டுமே சர்வீஸில் தீரக்கூடியவை.

காதருகே வைத்துக் கேளுங்கள். மணிக்கு 21,600 அடி, அதாவது ஒரு நொடிக்கு ஆறு. சுருள்வில் தன் பலத்தை ஒரேயடியாகக் கொட்டிவிடாமல், முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம், போய்வரும் ஒவ்வொரு முழு ஆட்டத்துக்கும் பல்சக்கரத்தை ஒரு பல் என்று அளந்து விடுகிறது. அந்த அளத்தல்தான் உங்கள் காதில் விழுகிறது. டயலில் எழுதியிருக்கும் 17 ஜுவல்ஸ் என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கல்லை எடுத்து விற்கலாமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவை அச்சுகள் சுழலும் இடத்தில் தேய்மானத்தைத் தடுக்க வைத்த செயற்கை மாணிக்கங்கள். ஆகஸ்ட் வெர்னேய் என்ற பிரெஞ்சுக்காரர் தூளைத் தீச்சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டார். அதன்பின் இந்தக் கல் மலிவாகிவிட்டது. மோகோக் மாணிக்கம் பார்த்த நாட்டில் இதற்கு ஒரு கியாட்கூடக் கிடைக்காது. அந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்வதில்தான் அதன் மதிப்பு.

இப்போது டயல். உங்கள் கடிகாரத்தின் டயலில் சில கரும்புள்ளிகள் இருக்கின்றன. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, “டயலைத் தொடாதீர்கள், கூட்டைப் பாலிஷ் போடாதீர்கள்” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல் போதாது. இது நான் விலை கொடுத்துக் கற்றது.

என் அப்பாவிடம் ஒரு வெஸ்ட் எண்ட் கைக்கடிகாரம் இருந்தது. சுவிட்சர்லாந்தில் செய்து, பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்து விற்ற நிறுவனம் அது. டயலில் ‘சோவார் ப்ரைமா’ என்று இருக்கும். சோவார் என்றால் குதிரைப்படை வீரன். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது அப்பா சிறுவர். அந்தக் கடிகாரம் அவருடைய அப்பா கையில் இருந்தது. ஜப்பானியர் நாட்டைப் பிடித்த பிறகு பர்மாவின் நேரத்தை டோக்கியோ நேரமாக்கினார்கள். முள்ளை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். போர் முடிந்ததும் மீண்டும் பின்னே திருப்பினார்கள். அந்த இரண்டு திருப்பலையும் அந்த ஒரு திருகு தாங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அதை ஒருவரிடம் சுத்தம் செய்யக் கொடுத்தேன். திரும்ப வந்தபோது டயல் பளபளவென்று வெள்ளையாக, புது எழுத்தோடு இருந்தது. பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்திருந்தார். அவர் எனக்கு நல்லது செய்ததாகவே நினைத்தார், தனியாகக் காசும் கேட்கவில்லை. மஞ்சள் படிந்த அந்த எண்கள் எங்கே என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அன்று கண்ணில் நீர் வந்தது. இன்றும் அந்த டயலைப் பார்க்கும்போது வேறு யாருடைய முகமோ போலத்தான் இருக்கிறது.

போருக்கு முந்திய அல்லது 1950களைச் சேர்ந்த டயலில் இருளில் ஒளிர்வதற்கு ரேடியம் பூசியிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அதில் கலந்த ஒளிரும் தூள் செத்துவிடும், ரேடியம் சாகாது. பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். மூடிய கடிகாரத்தை அலமாரியில் வைத்திருப்பது வேறு, திறந்து சுரண்டி அந்தத் தூளை மூச்சில் இழுப்பது வேறு. வீட்டில் யாரும் அதைத் திறக்கக் கூடாது. உங்கள் சீக்கோவில் ரேடியம் கிடையாது, பயப்பட வேண்டாம்.

நகலைப் பற்றி வருகிறேன். நகல் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று வேறுபட்ட பொருள்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, பழைய வடிவத்தைப் பின்பற்றி, தன் சொந்தப் பெயரை டயலில் எழுதிக்கொண்டு வருவது. சீனாவின் சீகல் நிறுவனம் செய்யும் நிறுத்துக்கடிகார இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீனஸ் 175 என்ற சுவிஸ் இயந்திரத்தின் கருவிகளையும் வரைபடங்களையும் முறையாக வாங்கி, அதன் வழியில் வளர்த்தெடுத்தது அது. நிறுத்துக்கடிகாரத்தை ஓடவும் நிற்கவும் வைக்கத் தூண் சக்கரம் வைத்த உண்மையான வேலைப்பாடு. அதை அணிவதில் ஒரு குறையும் இல்லை. நானே வைத்திருக்கிறேன், பெருமையோடு காட்டுகிறேன்.

இரண்டாவது, பம்பாய் டயல். பழைய சுவிஸ் இயந்திரங்களைக் குவியலாக எடுத்து, ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் போட்டு, சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும் புதிய டயல் அச்சடித்து, கேமி என்றும் ஃபேவர் லூபா என்றும் வெஸ்ட் எண்ட் என்றும் பெயர் போட்டு விற்பது. ரங்கூனிலும் இவை கைமாறுகின்றன. எழுத்தின் ஓரம் மைபோல் பரவியிருக்கும். நொடிமுள்ளின் துளை நடுவில் இராது. கூட்டின் கால்கள் பாலிஷ் பட்டுப்பட்டு உருண்டிருக்கும். இவற்றை வெறுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே நிஜமான இயந்திரம் ஓடுகிறது. குறைந்த விலைக்கு, இன்னதென்று சொல்லி விற்றால் ஒரு மாணவன் அதில் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளலாம். ‘அறுபது வருடப் பழசு, திறக்கவே இல்லை’ என்று சொல்லி விற்கும்போதுதான் அது ஏமாற்று.

மூன்றாவதுதான் உங்களுக்கு நீட்டப்படுவது. இன்னொருவரின் பெயரை, முத்திரையை, வரிசை எண்ணைக்கூடத் தன்மேல் எழுதிக்கொண்டு வருவது. நண்பர்கள் கேட்டுப் பலமுறை திறந்து பார்த்திருக்கிறேன். சிலவற்றில் எடா 2824 என்ற சுவிஸ் இயந்திரத்தின் சீனப் பதிப்பு இருக்கும். அந்த இயந்திரம் மட்டும் தனியாகக் கிடைத்தால் பாராட்டவும் செய்வேன். ஆனால் சொட்டு எண்ணெய் இல்லாமல், சில வேளை உலோகத் தூசியோடு கூட்டுக்குள் அடைத்திருப்பார்கள். டயலில் 300 மீட்டர் ஆழம் தாங்கும் என்று எழுதியிருக்கும், கைகழுவும் தொட்டியில் நீராவி கோத்துவிடும். உடைந்தால் அதற்கென்று உறுப்பு எங்கும் விற்பதில்லை. அதைச் செய்தவர் யாரென்றே தெரியாதபோது யாரிடம் போய்க் கேட்பது? என் உறுத்தல் இதற்கும் மேலே. மணி கேட்பவர்களிடம் உண்மை சொல்வதற்காக அணிகிற பொருள் கைக்கடிகாரம். அது தன் பெயரிலேயே பொய் சொன்னால் எனக்கு அதை அணிய முடியாது.

உங்கள் ஸ்பீக்கர் ஆசையில் நகலின் நல்ல பக்கம் இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட எல்எஸ்3/5ஏ, 1970களின் தொடக்கத்தில் பிபிசி தன் பொறியாளர்களைக்கொண்டு வடிவமைத்தது. வெளிநிகழ்ச்சி ஒலிபரப்பு வண்டிக்குள் இடம் குறைவு. அங்கே உட்கார்ந்து ஒலிபரப்பாளரின் குரல் சரியாகப் போகிறதா என்று கேட்க ஒரு சிறிய பெட்டி தேவைப்பட்டது. உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு, உள்ளளவு சுமார் ஐந்து லிட்டர். பிபிசி தானே விற்பனை செய்யாமல், வரைபடத்தையும் அளவுகோலையும் கொடுத்துப் பல நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியது. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், சார்ட்வெல், பிறகு கெஃப் என்று பலரும் செய்தார்கள். யார் செய்தாலும் அதே அளவுக்கு ஒலிக்க வேண்டும் என்பது விதி. அதாவது மூலமே நகல் எடுப்பதற்காகப் பிறந்தது. ஒரே கிருதியை இரண்டு வித்வான்கள் பாடுவதுபோல. ஆகவே இன்று யாரோ அதே வரைபடத்தின்படி செய்து, தன் பெயரைப் போட்டு விற்றால் அதை நகல் என்று ஒதுக்க மாட்டேன்.

ஆனால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். உள்ளே இருக்கும் ஒலிப்பான்கள் எவை, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அவற்றுக்கு அனுப்பும் பிரிப்புச் சுற்று எப்படிச் செய்யப்பட்டது? அசலில் கெஃப் பி110, டி27 என்ற இரண்டும் இருந்தன. அவற்றைக் கேட்டுக் கேட்டு, ஓரிரு டெசிபல் ஏற்ற இறக்கத்தையும் பிரிப்புச் சுற்றில் திருத்தி அமைத்தார்கள். பெட்டியை மட்டும் அதே அளவில் செய்து வேறு ஒலிப்பான்களைப் போட்டால் பெட்டி அதேதான், குரல் வேறு. அதோடு இந்த ஸ்பீக்கர் சோம்பேறி. 82 டெசிபல் அளவுக்குத்தான் உணர்திறன். நல்ல ஆம்ப்ளிஃபையர் கேட்கும். அடித்தொனி குறைவு, மிருதங்கத்தின் இடந்தலை முழுதாக வராது. ஆனால் மனிதக் குரல்! பாடுபவர் மூச்சு எடுப்பது பக்கத்தில் நிற்பதுபோல் கேட்கும். அதற்காகவே நான் அதை விரும்புகிறேன்.

அதற்கு ஜப்பானில் பயன்படுத்திய பழைய ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறீர்கள் என்றால் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. நேரடியாகச் செருகினால் புகை வந்த பிறகுதான் தெரியும். படியிறக்கும் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துத்தான் அதன் விலை. மின்வெட்டு நேரத்தில் சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். டிரான்ஸ்பார்மர் முனகும், சூடேறும். மின்சாரம் போனவுடன் செருகியைப் பிடுங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது முதலில் வரும் வோல்ட் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பழக்கம் ஒன்றால் என் வீட்டில் பல சாதனங்கள் பிழைத்திருக்கின்றன.

ரேடியோவுக்கு வருகிறேன், இங்கே சற்று நிதானமாகப் படியுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது. இருபது ஆண்டுகள் தூங்கிய வால்வு ரேடியோவை எடுத்த எடுப்பில் மின்சாரத்தில் செருகவே கூடாது. முதலில் பின்பலகையில் மாதிரி எண்ணைப் பாருங்கள். பிலிப்ஸ் பெட்டிகளில் அந்த எண் ஆங்கில எழுத்தான ஏ என்று முடிந்தால் அது மாறுமின்னோட்டத்துக்கு மட்டுமான பெட்டி, பெரும்பாலும் உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கும். யு என்று முடிந்தால் இருவகை மின்னோட்டத்திலும் ஓடும் பெட்டி. அதற்கு டிரான்ஸ்பார்மர் கிடையாது, உள்ளிருக்கும் இரும்புச் சட்டமே மின்கம்பியோடு நேராக இணைந்திருக்கும். தொட்டால் ஆள் தூக்கியெறியப்படுவார். வால்வுகளின் பெயரும் இதையே சொல்லும். யுஎல், யுசிஎச் என்று யுவில் தொடங்கினால் அந்த ஆபத்தான வகை. இஎல், இசிஎச் என்று இருந்தால் பெரும்பாலும் மற்ற வகை. அப்போதும் செருகியைப் பிடுங்காமல் உள்ளே கை விடக் கூடாது. பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.

நல்ல மெக்கானிக் என்ன செய்வார் என்று சொல்கிறேன், அதை வைத்து ஆளை எடை போடலாம். வடிகட்டும் பெரிய மின்தேக்கிகளையும், மெழுகு பூசிய காகித மின்தேக்கிகளையும் முதலில் சோதிப்பார். காகிதம் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். குறிப்பாக கடைசி வால்வுக்குச் செல்லும் ஒன்று கசிந்தால் அந்த வால்வு சிவக்கச் சூடேறிச் சாகும். அதை அவர் கேட்காமலே மாற்றுவார். பிறகு பழைய அறுபது அல்லது நூறு வாட் குண்டுபல்பு ஒன்றை மின்பாதையில் தொடராக இணைத்து மெதுவாக உயிர் கொடுப்பார். பல்பு ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நல்ல சேதி. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே எங்கோ குறுக்குச் சுற்று. இந்தப் பல்பு இல்லாமல் நேராகச் செருகுகிறவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

சரியானதும், முகப்பில் ‘மேஜிக் ஐ’ என்ற ஒளிரும் வால்வு இருந்தால் அந்தப் பச்சைக் கண் விழிக்கும். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆகும், ஆனால் காத்திருப்பவருக்கு நீளமானது. நிலையம் சரியாக மாட்டும்போது அந்தக் கண்ணின் இறகு விரிந்தோ சுருங்கியோ சொல்லும். என் சிறுவயதில் இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையைச் சிற்றலையில் பிடிக்க, வீட்டில் எல்லோரும் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்போம். அங்கே ஏழு மணி என்றால் நமக்கு எட்டு. அந்த ஒரு மணி நேரக் கூட்டலைத்தான் நான் முதல் கணக்காகக் கற்றேன். இன்று சிற்றலை பெரும்பாலும் வெறிச்சோடிவிட்டது. டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டியாக இருந்தால் பெரும்பாலும் பின்னால் ‘பிக்-அப்’ என்ற இரட்டைத் துளை இருக்கும். இசைத்தட்டு இயந்திரத்துக்காக வைத்தது. மெக்கானிக் சோதித்துச் சரி என்ற பிறகு அதில் கைப்பேசியின் பாட்டைக் கொடுத்துக் கேட்கலாம். யு வகைப் பெட்டியில் இதைக் கனவிலும் செய்யாதீர்கள்.

அக்கம்பக்கத்தில் ‘நேஷனல்’ என்று எழுதிய பழைய பர்மியத் தயாரிப்பு எதையாவது பார்த்தால் அதையும் குப்பைக்குப் போகவிடாதீர்கள். 1954இல் ஜப்பானோடு செய்துகொண்ட போர் இழப்பீட்டு ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக இங்கே நான்கு தொழில்கள் வந்தன. ஹினோ லாரி, மாஸ்டா சிறுவண்டி, குபோட்டா விவசாயக் கருவி, மட்சுஷிதாவின் மின்சாதனங்கள். நேஷனல் என்பது, இன்று பானசோனிக் எனப்படும் மட்சுஷிதா தன் சாதனங்களுக்கு அப்போது வைத்த பெயர். ஐரோப்பியப் பெட்டிகளைத் தேடி அலைபவர்கள் நம் நாட்டிலேயே பிறந்ததைக் கால்பணத்துக்கு மதிப்பதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

ஸ்பீக்கர் வாங்கிய பிறகு கடிகாரத்தை அதன்மேல் கழற்றி வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும், வாகான உயரம். ஸ்பீக்கருக்குள் இருப்பது வலுவான காந்தம். கடிகாரத்தின் பேலன்ஸ் சக்கரத்தோடு இருக்கும் ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடிகாரம் நாளுக்கு நிமிடக்கணக்கில் முந்தி ஓடும். திடீரென்று முந்த ஆரம்பித்தால் சர்வீஸுக்கு ஓடாதீர்கள். திசைகாட்டி ஒன்றை அருகில் கொண்டு போங்கள். ஊசி துடித்தால் காந்தம்தான். காந்தம் நீக்கும் சிறு பெட்டியில் நொடிப்பொழுதில் தீரும்.

நம் ஊரின் உண்மையான எதிரி ஈரம். மே முதல் அக்டோபர் வரை மோல்மேனில் பெய்கிற மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து, சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டுங்கள். கடிகாரமும் கேசட்டுகளும் அதற்குள் இருக்கட்டும். தாத்தாவின் பெட்டியில் இசைத்தட்டுகள் இருந்து வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால், நிமிடத்துக்கு 78 சுற்றுத் தட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். அரக்கில் செய்தவை, ஆல்கஹாலில் கரையும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி சோப்பு போதும். எல்பி தட்டுக்கான ஊசியை அவற்றில் வைப்பதும் தவறு. 78இன் பள்ளம் அகலமானது, அந்த ஊசி அடியில் உருண்டு இரைச்சலைத்தான் எடுக்கும்.

அப்புறம் திஞ்ஞான், பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா. பின்மூடியில் தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருப்பது 1977இல் போட்ட ரப்பர் வளையத்தை நம்பி எழுதியது. அந்த வளையம் இப்போது தார்போல் இளகியிருக்கும், அல்லது கண்ணாடிபோல் உடையும். சர்வீஸில் பின்மூடி, திருகு, கண்ணாடி மூன்றிடத்திலும் புது வளையம் போடச் சொல்லுங்கள். போட்ட பிறகும் ஏப்ரலில் அந்த நான்கு நாட்கள் அதை டின்னிலேயே வையுங்கள். தெருவில் குழாய் பிடித்து அடிக்கும் தண்ணீர், குளத்துத் தண்ணீர்போல் அமைதியானது அல்ல.

சர்வீஸுக்கு மோல்மேனிலேயே பெரியவர் ஒருவர் கிடைக்கக்கூடும். அவரிடம் 6309 திறந்த அனுபவம் உண்டா என்று மட்டும் கேளுங்கள். இந்த நாட்டில் சீக்கோ திறக்காத கடிகாரக்காரர் அநேகமாக இருக்க மாட்டார். இல்லையென்றால் ரங்கூனுக்கு வரும்போது எடுத்து வாருங்கள். நம்மவர்கள் இன்னும் மொகல் தெரு என்று சொல்லும் ஷ்வே பொந்தா தெருப் பக்கம் சேர்ந்தே போய் விசாரிக்கலாம். மழைக்காலம் முடிந்து கார்த்திகை பிறக்கட்டும். கடிகாரத்தின் பின்மூடியைத் திறக்கக் காற்று உலர்ந்திருக்கும் நாள்தான் நல்லது. ரேடியோவைத் தூக்கி வர வேண்டாம், பஸ்ஸில் வால்வுகள் உடையும். பின்பலகையின் படத்தை மட்டும் கொண்டு வாருங்கள், அந்தக் கடைசி எழுத்தைப் பார்த்த பிறகு மேலே பேசுவோம்.